சொல்லாமல் விட்டதை வாய்விட்டுச் சொல்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளைப் பார்க்கப் போகும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. ஊசி, மருந்து, புண்ணுக்குக் கட்டுப் போடுவது எல்லாம் நர்ஸ் பார்த்துக்கொள்வார். என் வேலை பெரும்பாலும் திண்ணையிலும் அடுக்களை வாசலிலும், குடும்பத்தாரோடு. "அவர்கிட்ட ஒண்ணு சொல்லணும், சொல்ல வரல" என்பதும், கொஞ்ச நாள் கழித்து "சொல்லாமலே விட்டுட்டேன்" என்பதும் அங்கே அடிக்கடி காதில் விழும். அதையொட்டி வரும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவ ஆய்வுகளைச் சொல்லும் இடங்களில் அவை சொல்வதை மட்டும் சொல்கிறேன். மற்றதெல்லாம் என் அபிப்பிராயம்.

மனசுக்குள் ஆயிரம் தடவை சொல்லிவிட்டேன். வாய்விட்டு வேறு சொல்ல வேண்டுமா?

வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். மனசுக்குள் ஓடும் பேச்சுக்குத் தொடக்கமும் கிடையாது, முடிவும் கிடையாது. "அன்னிக்கே போயிருக்கணும்" என்று ஆரம்பிக்கும், நடுவில் வேறு எங்கோ போகும், திரும்ப "அன்னிக்கே போயிருக்கணும்" என்று வந்து நிற்கும். வாயைத் திறந்து சொல்லும்போது ஒரு வாக்கியத்தை முடித்தால்தான் அடுத்ததற்குப் போக முடியும். என்ன சொல்ல வருகிறோம் என்பதே அப்போதுதான் நமக்குத் தெரியவரும்.

இதை ஓர் ஆய்வு நேரடியாகவே பார்த்திருக்கிறது. சோன்யா லுபோமிர்ஸ்கி என்ற உளவியலாளரும் சகாக்களும் 2006இல் வெளியிட்டது. வாழ்க்கையின் கசப்பான அனுபவத்தைப் பற்றி ஒரு குழு எழுதியது, ஒரு குழு டேப் ரெக்கார்டரில் பேசியது, இன்னொரு குழு சும்மா உட்கார்ந்து யோசித்தது. நாளுக்கு 15 நிமிடம், மூன்று நாள். எழுதியவர்களுக்கும் பேசியவர்களுக்கும், யோசித்தவர்களைவிட மனநிலை மேம்பட்டிருந்தது. பேச்சைக் கேட்க எதிரில் ஆள் கிடையாது, ஒரு மெஷின்தான் என்பதைக் கவனியுங்கள்.

பெரும்பாலும் எதைச் சொல்லாமல் விடுகிறோம்?

அமெரிக்காவில் ஐரா பயாக் என்று ஒரு மருத்துவர். சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பல வருடம் பார்த்தவர். நாலு விஷயம் போதும் என்பார்: என்னை மன்னித்துவிடு, உன்னை மன்னித்துவிட்டேன், நன்றி, உன் மேல் எனக்கு அன்பு உண்டு. உலகம் முழுக்கப் பயிற்சி வகுப்புகளில் இதைச் சொல்கிறார்கள். பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நம் வீடுகளில் இந்த நாலையும் அப்படியே சொன்னால் நாடக வசனம் மாதிரி இருக்கும். சொல்பவருக்கும் கூச்சம், கேட்பவருக்கும் கூச்சம்.

நான் பார்த்த வரையில் நடப்பது வேறு மாதிரி. சம்பவத்தைச் சொன்னால் போதும், நாலில் ஒன்று அதற்குள் தானாக வந்துவிடும். "காலேஜ் பீஸ் கட்ட வளையலை அடகு வச்சீங்களே, அது எனக்கு அப்பவே தெரியும்மா." அவ்வளவுதான். இதற்கு மேல் நன்றி என்று தனியாக எதுவும் சொல்ல வேண்டாம். "அன்னிக்கு மாப்பிள்ளை முன்னாடி உங்களைத் தூக்கி எறிஞ்சு பேசிட்டேன்ப்பா, இன்னமும் உறுத்துது." இது மன்னிப்பு. பொத்தாம் பொதுவாக "எல்லாத்துக்கும் மன்னிச்சிடுங்க" என்று சொன்னால் எதிரில் இருப்பவர் "அதெல்லாம் ஒண்ணுமில்லடா" என்று தள்ளிவிடுவார். அடகுக்கடையையும் வளையலையும் சொன்னால் அப்படித் தள்ள முடியாது. ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார். அப்புறம் பெரும்பாலும் அவர் பக்கத்துக் கதை ஒன்று வரும். உங்களுக்குத் தெரியாத கதையாகவும் அது இருக்கலாம்.

என்ன சொல்வது என்று குழப்பமாக இருந்தால், நாள், இடம், பொருள் மூன்றும் உள்ள ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஐசியூவில் நினைவில்லாமல் இருக்கிறார். நான் பேசினால் கேட்குமா?

கேட்கும் என்று நினைத்துப் பேசுங்கள். கனடாவின் வான்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், சாவதற்குச் சில மணி நேரம் முன்பு வரை பதில் ஏதும் தராமல் கிடந்த நோயாளிகளின் மூளை மின் அலைகளைப் பதிவு செய்தார்கள். முடிவு 2020இல் வந்தது. ஒலிகளின் வரிசை திடீரென்று மாறும்போது, ஆரோக்கியமானவர்களின் மூளை காட்டும் அசைவை இவர்களில் சிலரின் மூளையும் காட்டியது. ஒலி போய்ச் சேருகிறது என்பது வரைதான் இதற்கு அர்த்தம். அர்த்தம் புரிகிறதா, குரலை அடையாளம் தெரிகிறதா என்பதெல்லாம் அந்த ஆய்வில் சொல்லப்படவில்லை. மயக்க மருந்து கொடுத்து வென்டிலேட்டரில் வைத்திருப்பவரின் நிலை இன்னும் வேறு. ஆனாலும் பேசாமல் இருப்பதற்கு இதில் ஒரு காரணமும் இல்லை.

எப்படிப் பேசுவது? காதருகே போய், முதலில் நீங்கள் யார் என்று சொல்லுங்கள்: "அப்பா, நான் சின்னவ வந்திருக்கேன்." கையைத் தொடலாமா என்று நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பார்வை நேரம் பத்து நிமிடம்தான் இருக்கும், அதில் சொல்ல நினைத்ததை முதல் இரண்டு நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். அழுகை வந்தால் பேச முடியாமல் போய்விடும் என்பதற்காகச் சொல்கிறேன். மீதி நேரம் சும்மா பக்கத்தில் நில்லுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோ தங்கையோ பேச வேண்டும் என்றால், அவர்கள் குரலைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். ஐசியூவில் லைன் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். கொரோனா காலத்தில் எத்தனையோ வீடுகளில் இதற்குக்கூட வழியில்லாமல் போனது. நர்ஸ் பிடித்துக்காட்டிய போனில் முகம் பார்த்ததோடு சரி.

அப்புறம் ஒன்று. கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு ஆஸ்பத்திரி பில்லையும் யார் எவ்வளவு போடுவது என்பதையும் பேசாதீர்கள். உங்கள் நன்றி அவருக்குக் கேட்கிறது என்றால் இதுவும் கேட்கும்.

"சீக்கிரம் நல்லாயிடுவீங்க" என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இப்போது போய் நன்றி சொன்னால் பயந்துவிட மாட்டாரா?

அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஊரிலிருந்து வராத உறவெல்லாம் திடீரென்று ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து பார்த்துவிட்டுப் போவது ஏன் என்று புரியாதவரா அவர்? பிள்ளைகள் பயப்படக் கூடாது என்று அவர் தெரியாத மாதிரி இருப்பார். அவர் பயப்படக் கூடாது என்று பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இதிலேயே கடைசி மாதம் போய்விடும்.

சாவைப் பற்றி நீங்கள் பேச வேண்டாம். "நேத்து ராத்திரி தூக்கம் வரல. திருவிழாவுல நான் தொலைஞ்சு போனப்ப நீங்க மைக்ல கூப்பிட்டதை நினைச்சுக்கிட்டேன்" என்று தொடங்குங்கள். பழைய கதை பேசுவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவர் சாவைப் பற்றி எடுத்தால் மட்டும், "அப்படியெல்லாம் பேசாதீங்க" என்று வாயை அடைக்காமல் இருங்கள். அந்த ஒரு வாக்கியத்தில் அடைபட்டுப்போன பேச்சுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவருக்குத் தெரியாமல் நான் செய்த ஒரு தப்பு உண்டு. போவதற்குள் சொல்லி மன்னிப்பு கேட்டுவிடலாமா?

பெரும்பாலும் கூடாது. அவருக்குத் தெரிந்து, நடுவில் முள்ளாகக் கிடப்பதற்கு மன்னிப்பு கேளுங்கள். தெரியாததைச் சொன்னால் உங்கள் மனசு லேசாகும், அவர் அதைச் சுமந்துகொண்டு போவார். கோபப்படவோ யோசிக்கவோ அவருக்கு நாள் இல்லை. அதைச் சொல்ல வேறு ஆள் பாருங்கள்: நம்பிக்கையான நண்பர், ஆலோசகர், கிறிஸ்தவராக இருந்தால் பாதிரியார்.

போய்ச் சேர்ந்துவிட்டார். இனிமேல் பேசி என்ன? தனியாகப் பேசினால் பைத்தியம் என்பார்களே?

1917இல், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்ட் துக்கத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில், இறந்தவர் மேல் வைத்த பற்றை மனம் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக்கொள்வதுதான் துக்கத்தின் வேலை என்றார். அந்தக் கருத்து பல பத்தாண்டுகள் கோலோச்சியது. 1996இல் டென்னிஸ் கிளாஸும் வேறு இரண்டு அமெரிக்க ஆய்வாளர்களும் அதை மறுத்து ஒரு தொகுப்பு கொண்டுவந்தார்கள். இறந்தவரோடு உறவு தொடர்வது நோயில்லை, பெரும்பாலோர் அப்படித்தான் வாழ்கிறார்கள் என்றார்கள்.

நம் ஊரில் இதற்கு ஆராய்ச்சி தேவைப்பட்டிருக்காது. திதி அன்று இலையில் அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்போ அதிரசமோ வைத்து "வந்து சாப்பிடுங்க" என்று கூப்பிடுகிற வீட்டை யாரும் பைத்தியக்கார வீடு என்று சொல்வதில்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அம்மாவின் கல்லறைமேல் கை வைத்துப் பேசிக்கொண்டிருக்கும் ஆட்களைத் தமிழ்நாட்டில் எந்தக் கல்லறைத் தோட்டத்திலும் பார்க்கலாம். கபரஸ்தானுக்குள் போகும் முஸ்லிம், அங்கே அடங்கியிருப்பவர்களுக்கு ஸலாம் சொல்லித்தான் நுழைகிறார்.

ஒப்பாரியைப் பாருங்கள். அது இறந்தவரைப் பற்றிப் பாடுவது குறைவு, இறந்தவரைப் பார்த்துப் பாடுவதுதான் அதிகம். வார்த்தைக்கு வார்த்தை விளித்து, முகத்துக்கு நேரே. வீட்டுக்குள் வாய் திறக்காத மருமகளும் அந்த ஒரு நாளில் மாமியாரின் உடலருகே உட்கார்ந்து முப்பது வருடக் கணக்கைப் பாடிவிடுவாள். சீர் செய்யாத அண்ணன், குடித்துவிட்டு வரும் கணவன், எல்லோரும் அதில் வருவார்கள். அவர்கள் நாலடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள், யாரும் தடுக்க முடியாது. இப்போது கூலிக்கு ஒப்பாரி வைப்பவரும் குறைந்துவிட்டார்கள், ஃப்ரீசர் பாக்ஸைச் சுற்றி நாற்காலி போட்டு போன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒப்பாரி நாகரிகமில்லை என்று நாம் ஒதுக்கியபோது, வாய்விட்டுச் சொல்வதற்கென்று இருந்த இடமும் சேர்ந்து போய்விட்டது என்பது என் வருத்தம்.

எனக்கு அழுகை வரவில்லை. அவர் மேல் கோபம்தான் வருகிறது. அதையும் சொல்லலாமா?

தாராளமாக. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய முன்மாதிரியே இருக்கிறது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல், உயிர்விடத் தீர்மானித்தபோது, புலவர் பொத்தியாரும் கூட உட்கார வந்தார். அவர் மனைவி அப்போது கர்ப்பிணி. "மகன் பிறந்த பிறகு வா" என்று மன்னன் திருப்பி அனுப்பிவிட்டான். மகன் பிறந்து, அவர் திரும்பி வரும்போது மன்னன் நடுகல்லாகிவிட்டான். பொத்தியார் அந்தக் கல்லைப் பார்த்துப் பேசுகிறார். புறநானூற்றில் 222ஆம் பாட்டு. புகழவில்லை, "அன்பிலாள" என்று கூப்பிடுகிறார், அன்பில்லாதவனே என்று. என்னை இங்கே விட்டுவிட்டுப் போனாயே, எனக்கான இடம் எது என்று கேட்கிறார். மனம் நிறைய நட்பை வைத்துக்கொண்டு இப்படித் திட்ட முடிகிறது. அடுத்த பாட்டு, கல்லாகிவிட்ட பிறகும் நீ இடம் கொடுத்தாய் என்று நன்றியோடு போகிறது. திட்டிய பிறகுதான் நன்றி வந்தது என்று நான் படித்துக்கொள்கிறேன். தமிழாசிரியர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

குடித்தே செத்த அப்பா, கடனை விட்டுவிட்டுப் போன கணவன், மாத்திரை சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்த அம்மா. இவர்களிடம் முதலில் கோபத்தைச் சொன்னால்தான் மற்றது வெளியே வரும். ஒன்றே ஒன்று: சிறுவயதில் உங்களை அடித்தோ வேறு விதமாகவோ கொடுமைப்படுத்தியவர் என்றால் "மன்னித்துவிட்டேன்" என்று சொல்லியே ஆக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. உறவினர் யார் வற்புறுத்தினாலும் சரி.

ஜப்பானில் இறந்தவர்களோடு பேச ஒரு டெலிபோன் பூத் இருக்கிறதாமே?

இருக்கிறது. இவாத்தே மாகாணத்தில் ஒட்சுச்சி என்ற கடலோர ஊர். அங்கே இதாரு சசாகி என்ற தோட்டக்கலை வடிவமைப்பாளர், 2010இல் புற்றுநோயில் தன் ஒன்றுவிட்ட சகோதரர் இறந்தபோது, அவரோடு தொடர்ந்து பேச வேண்டும் என்று தன் தோட்டத்தில் பழைய வெள்ளை பூத் ஒன்றை நிறுவினார். உள்ளே கறுப்பு நிறத்தில், விரலால் சுழற்றும் டயல் போன். வயர் எங்கும் போகவில்லை. பேசுவதைக் காற்று கொண்டுபோகும் என்பது அவர் எண்ணம், அதனால் காற்றுத் தொலைபேசி என்று பெயர்.

அடுத்த வருடம் மார்ச் 11 அன்று பூகம்பமும் சுனாமியும் வந்தன. ஒட்சுச்சியில் மட்டும் 1200 பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். ஊர் மேயரும் அதில் போய்விட்டார். சசாகி தோட்டத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டார். பணம் வாங்குவதில்லை. அதற்குப் பிறகான பத்து வருடத்தில் முப்பதாயிரம் பேருக்கு மேல் வந்து பேசியிருக்கிறார்கள் என்று செய்திகள் சொல்கின்றன. ஜப்பானிய வானொலி, தொலைக்காட்சி நிறுவனமான என்ஹெச்கே 2016இல் இதை ஆவணப்படமாக்கியது. இதைப் பார்த்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல ஊர்களில் பூங்காக்களிலும் மலைப்பாதைகளிலும் இதே போல போன் வைத்திருக்கிறார்கள்.

ஏன் இது வேலை செய்கிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். காலியான அறையில் நின்று பேசச் சொன்னால் யாருக்கும் வராது. ரிசீவரைக் காதில் வைத்துவிட்டால் கையும் வாயும் பழகிய வேலையைச் செய்யத் தொடங்கிவிடுகின்றன. எண்ணைச் சுழற்ற வேண்டும், "நான்தான் பேசறேன்" என்று சொல்ல வேண்டும், கண்ணாடிக் கதவு மூடியிருக்கிறது, வெளியே யாருக்கும் கேட்காது. பேசி முடித்தால் ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்துவிடலாம். அங்கே போய்த்தான் பேச வேண்டும் என்றில்லை. நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய லேண்ட்லைன் போன் போதும், அதுவும் இல்லையென்றால் சிம் இல்லாத செல்போன். மொட்டைமாடியில் ஒரு மூலை.

காலி நாற்காலியைப் பார்த்துப் பேசுவது என்று ஒரு சிகிச்சை உண்டாமே?

உண்டு. மொரேனோ என்பவரின் நாடகவழி சிகிச்சையில் தொடங்கி, 1960களில் ஃபிரிட்ஸ் பேர்ல்ஸ் என்ற உளவியல் சிகிச்சையாளர் மூலம் பிரபலமானது. எதிரில் நாற்காலி போட்டு, அதில் அந்த ஆள் உட்கார்ந்திருப்பதாக வைத்துப் பேசுவது. பிறகு எழுந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவராகப் பதில் சொல்வது. கனடாவில் பைவியோவும் கிரீன்பெர்க்கும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், நெருங்கியவர் மேல் தீராத மனக்குறை உள்ளவர்களுக்கு, வெறும் விளக்க வகுப்பைவிட இது நன்றாகப் பலன் தந்தது.

முதல் பாதியை நீங்களே வீட்டில் செய்யலாம். அவராக உட்கார்ந்து பதில் சொல்லும் இரண்டாம் பாதியைத் தெரிந்த ஆலோசகர் இல்லாமல் செய்ய வேண்டாம். சிலருக்கு அந்த நாற்காலியிலிருந்து வசவுதான் வரும், அதிலிருந்து வெளியே கூட்டிவர ஆள் வேண்டும்.

அவர் நம்பருக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். பரவாயில்லையா?

பேசுவது நல்லது, அந்த நம்பர்தான் ஆபத்து. ரீசார்ஜ் செய்யாத எண்ணை நிறுவனம் முடக்கிவிடும். முடக்கிய எண்ணைக் குறைந்தது 90 நாள் வேறு யாருக்கும் தருவதில்லை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உச்ச நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது. அதற்கு மேல் அது யார் கைக்கும் போகலாம். ஒருநாள் இரவு நீங்கள் "ஏம்மா என்னை விட்டுப் போன" என்று அனுப்பியதற்கு "யாருங்க நீங்க" என்று பதில் வரும். டிபியில் யாரோ ஒரு பையன் பைக்கோடு நிற்பான். அந்த அதிர்ச்சி வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளும் வசதி இருக்கிறது, அதில் பேசுங்கள். அவர் அனுப்பிய பழைய வாய்ஸ் மெசேஜ்களை இன்றைக்கே கம்ப்யூட்டருக்கோ பென் டிரைவுக்கோ மாற்றிவையுங்கள். போன் தண்ணீரில் விழுந்தால் குரலும் போய்விடும். "வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வா" என்பதையும் அழிக்காதீர்கள்.

அவர் இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாது. என்னவென்று பேசுவது?

போனவர் திரும்பி வராமல், உடலும் கிடைக்காமல் இருப்பதைப் பற்றி பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலிருந்து எழுதிவருகிறார். வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களோடு தொடங்கியது அந்த வேலை. இந்தத் துக்கத்துக்கு முடிவு தேடச் சொல்லக் கூடாது, "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்ற இரண்டையும் ஒன்றாகத் தாங்கப் பழகுவதுதான் செய்யக்கூடியது என்பது அவர் சொல்வதன் சாரம்.

இலங்கையில் இதை வருடக்கணக்காகத் தாங்கிக்கொண்டிருக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன் உட்கார்ந்து தொடங்கிய போராட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. இழப்பீடு வேண்டாம், பதில் வேண்டும் என்று பலர் சொல்லிவருகிறார்கள். அவர்களிடம் போய் "காரியம் செய்துவிடு, மனசு ஆறும்" என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். வாய்விட்டுப் பேசுவது அதற்கு மாற்று ஆகாது.

அவரோடு பேச வேண்டும் என்றால், விடைபெறும் பேச்சாக வேண்டாம். செய்தி சொல்லுங்கள். தங்கச்சிக்குக் கல்யாணம் ஆச்சு, கிணத்தைத் தூர் வாரினோம், உன் சைக்கிள் இன்னும் இருக்கு. இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்குச் சொல்லத் தகுந்தவை இவை.

அம்மாவுக்கு மறதி நோய். சொன்னாலும் பத்து நிமிடத்தில் மறந்துவிடுகிறாள்.

அப்போதும் சொல்லுங்கள். அயோவா பல்கலைக்கழகத்தில் 2014இல் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான, மகிழ்ச்சியான படக்காட்சிகளைப் போட்டுக்காட்டினார்கள். என்ன பார்த்தோம் என்பது கொஞ்ச நேரத்தில் மறந்துவிட்டது, அது தந்த உணர்ச்சி அதற்குப் பிறகும் நீடித்தது. ஆகவே நல்லதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம். பழைய சண்டையை மட்டும் தீர்க்கப் பார்க்காதீர்கள். சண்டை மறந்து சங்கடம் மட்டும் மிஞ்சும்.

ஆள் உயிரோடுதான் இருக்கிறார். சொத்துத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லை. நானும் காலி நாற்காலியிடம் பேசலாமா?

ஒத்திகைக்கு ஒரு தடவை பேசிக்கொள்ளுங்கள். அப்புறம் அவரிடம் போங்கள்.

கிலோவிச், மெட்வெக் என்ற உளவியலாளர்கள் இருவர் 1990களில் செய்த ஆய்வுகள், உடனடியாக நம்மை உறுத்துவது நாம் செய்த காரியம், காலம் போகப் போக உறுத்துவது செய்யாமல் விட்ட காரியம் என்று காட்டின. சரி, போனால் அசிங்கமாகிவிடுமே என்ற பயத்துக்கும் ஒரு ஆய்வு உண்டு. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி இருவரும் 2018இல் வெளியிட்டது. நன்றிக் கடிதம் எழுதியவர்கள், வாங்குபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று மிகையாகவும், சந்தோஷமாக இருக்கும் என்பதைக் குறைத்தும் மதிப்பிட்டார்கள். அதே இருவரின் 2021 ஆய்வில், பழைய நண்பரைப் போனில் கூப்பிட்டால் மெயில் போடுவதைவிடச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்தவர்களுக்கு அப்படி எதுவும் இருக்கவில்லை, நெருக்கம்தான் கூடியது. அந்த ஆய்வில் எழுதியது நன்றிக் கடிதம்தான், சண்டையைத் தீர்க்கும் கடிதம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சண்டை போட்ட அண்ணனிடம் போகும்போது பத்திரத்தைப் பற்றிப் பேசப்போவதில்லை என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அண்ணி வீட்டில் இருக்கும் நேரமா, இல்லாத நேரமா என்பதை உங்கள் குடும்ப நிலவரப்படி முடிவு செய்யுங்கள். அதற்கு என்னிடம் பொது விதி இல்லை! நேரில் முடியாவிட்டால் போன். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் வேண்டாம். அவர் பதிலே சொல்லாமல் எழுந்து போய்விட்டால், போகட்டும். நீங்கள் சொன்னது சொன்னதுதான்.

செத்தவர் குரலிலேயே பேசும் ஏஐ வந்துவிட்டதே, அதோடு பேசலாமா?

என்னைக் கேட்டால் வேண்டாம். அப்பா சொல்லியிருக்க மாட்டாத வார்த்தையை அப்பா குரலில் கேட்டுவிட்டால் அதை மறக்க முடியாது. வயர் இல்லாத போனில் அந்தத் தொல்லை கிடையாது.

எத்தனை நாள் இப்படிப் பேசுவது இயல்பு? எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

பேசுவதற்குக் கெடு கிடையாது. நாற்பது வருடம் கழித்தும் பூஜை அறையில் புருஷனிடம் பால் விலையைச் சொல்லும் பாட்டிகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். பார்க்க வேண்டியது வேறு. துக்கம் கொஞ்சமும் குறையாமல், வேலை, சாப்பாடு, பிள்ளைகள் எதையும் கவனிக்க முடியாமல் நாள்கள் போனால் அதற்கு நீடித்த துக்கக் கோளாறு என்று பெயர் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல்படி ஆறு மாதத்துக்கு மேல், அமெரிக்க மனநலச் சங்கத்தின்படி பெரியவர்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல். இறந்தவர் "நீயும் வா" என்று கூப்பிடுவது போலக் கேட்டாலோ, தானும் போய்விடலாம் என்று தோன்றினாலோ, கெடு எதையும் பார்க்காமல் அன்றைக்கே பேசுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416, கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம்.

நோயாளியே நான்தான். பிள்ளைகளிடம் நான் என்ன சொல்வது?

இந்தக் கேள்வியை மெதுவான குரலில்தான் கேட்பார்கள், பிள்ளைகள் காபி போட உள்ளே போயிருக்கும் நேரத்தில்.

அவர்கள் உங்களுக்காகச் செய்ததில் உங்களுக்கு நினைவிருக்கும் ஒன்றைச் சொல்லுங்கள். அவர்கள் செய்யத் தவறிய ஏதோ ஒன்றை, "அதை நான் பெருசா எடுத்துக்கல" என்று நீங்களாகவே சொல்லுங்கள். ஊருக்கு வர முடியாத மகன், வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டு போன மகள், இவர்கள் அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் காத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாகச் சொல்லுங்கள், எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து வேண்டாம். மூச்சு வாங்கினால் போனில் கொஞ்சம் கொஞ்சமாகப் பதிவு செய்யலாம், பேரனிடம் கேட்டால் எப்படி என்று காட்டுவான். வலி இருக்கும்போது பேச வராது. வலியை முதலில் குறைக்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வலியைத் தணிக்கும் நோய் ஆதரவு சேவை வீட்டுக்கே வருகிறது, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பதிவு செய்துகொள்ளுங்கள்.